பனியன் துணிக்கு நானோ பவுடர்: வேலையை விடுவதா, வேலை நடக்கும் முறையை மாற்றுவதா?

பல்லடம் பக்கத்திலிருந்து 31 வயதுச் சகோதரி ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் கம்பெனி பெயரும் வேண்டாம் என்று கேட்டதால் அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

டெக்ஸ்டைல் டிப்ளமோ முடித்தவர். திருப்பூர் அருகே ஒரு ஃபினிஷிங் யூனிட்டின் கெமிக்கல் ரூமில் எடை போட்டுக் கலந்து கொடுக்கும் வேலை. எட்டு மாதமாக அங்கே இரண்டு புதுச் சரக்கு வருகிறது. ஒன்று, வெயில் தாங்கும் துணிக்கான வெள்ளைப் பவுடர். மூட்டையில் 'நானோ டைட்டானியம் டை ஆக்சைடு' என்று போட்டிருக்கிறது. இன்னொன்று, வியர்வை நாற்றம் வராமலிருக்கக் கேனில் வரும் 'நானோ சில்வர்' திரவம். மூட்டையைப் பிரித்து, கப்பில் அள்ளி, தராசில் போட்டு, பக்கெட்டில் கொட்டிக் கலக்குகிறார். அறைக்கு ஒரே கதவு, ஜன்னல் கிடையாது, ஏசி மட்டும் உண்டு. ஷிஃப்ட் முடிந்ததும் விளக்குமாறு போட்டுக் கூட்டுவது, மேடையில் படிந்ததை ஏர் அடித்து ஊதுவது, முகத்துக்குத் துணி மாஸ்க். இரண்டு மாதமாக வறட்டு இருமல், ஞாயிற்றுக்கிழமை குறைகிறது. இந்த வருடம் குழந்தைக்கு முயற்சி செய்யலாம் என்று இருக்கிறார்கள்.

"வெள்ளிப் பாலாடையிலதான் பச்சைக் குழந்தைக்கே பால் ஊட்டறோம், வெள்ளி என்ன பண்ணும்" என்கிறார் வீட்டுக்காரர். "எக்ஸ்போர்ட் சர்டிபிகேட் இருக்குது, நீங்க எதுக்குங்க பயப்படறீங்க" என்கிறார் மேனேஜர். போனில் வந்த ஒரு வீடியோவோ, நானோ தோல் வழியாகவே உள்ளே போகும், மூளைக்கு ஏறும், எந்த மாஸ்க்கும் தடுக்காது என்கிறது. நொய்யல் கரையில் அப்பாவின் தென்னந்தோப்பு இருக்கிறது, அந்தத் தண்ணீரிலும் இது சேருமா என்றும் கேட்கிறார். என்ன ரத்தப் பரிசோதனை செய்வது, வேலையை விட்டுவிடுவதா என்பவை கடைசிக் கேள்விகள்.

அம்மிணி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூட்டையை எப்படிப் பிரிக்கிறீர்கள், எதை வைத்துக் கூட்டுகிறீர்கள், அறையில் எத்தனை கதவு என்று நீங்கள் எழுதியிருந்த அந்த ஒரு பத்திதான் எனக்கு ரொம்ப உதவியாக இருந்தது. தொழில்சார் நோய் பார்க்கும் மருத்துவர்களுக்குச் சரக்கின் பெயரைவிட வேலை நடக்கும் விதம்தான் முக்கியம். நானோ நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. எந்தப் பொருள், எந்த வடிவத்தில், வேலையின் எந்தக் கட்டத்தில் காற்றில் ஏறி உங்கள் மூச்சுக்குள் போகிறது என்று கேட்டால் சொல்லலாம். உங்கள் விஷயத்தில் அந்தக் கட்டம் காய்ந்த பவுடரை அள்ளும் நேரமும் கூட்டும் நேரமும்தான். துணியைப் பற்றியோ கேனைப் பற்றியோ எனக்கு அவ்வளவு கவலை இல்லை.

பாலாடை வெள்ளியும் கேன் வெள்ளியும்

1 முதல் 100 நானோமீட்டர் வரை உள்ள துகள்களைத்தான் நானோ என்கிறோம். தலைமுடியின் தடிமன் சுமாராக 80,000 நானோமீட்டர் என்றால் அளவு புரியும். ஒரே ஒரு கிராம் பொருளை இவ்வளவு பொடிசாக்கும்போது அதன் மொத்த மேற்பரப்பு பல மடங்கு பெருகிவிடுகிறது, உடம்பின் திசு தொடுவதும் அந்த மேற்பரப்பைத்தான். ஒரு கட்டிக் கற்கண்டு வாயில் கரைய எவ்வளவு நேரமாகிறது, அதையே பொடித்துப் போட்டால் எவ்வளவு நேரம் என்று யோசித்துப் பாருங்கள். பாலாடையில் இருக்கும் வெள்ளி கட்டி உலோகம், அதிலிருந்து வெளிவருவது மிகச் சொற்பம். நானோ சில்வர் கிருமியைக் கொல்வதே அது வெள்ளி அயனிகளைத் தாராளமாக வெளிவிடுவதால்தான். அதனால் உங்கள் வீட்டுக்காரர் சொல்லும் பாலாடை நியாயம் பாலாடைக்கு மட்டும்தான் பொருந்தும்.

சரி, அப்போ கேனைத் தொட்டாலே ஆபத்தா என்றால் அதுவும் கிடையாது. திரவமாக இருந்து, தொட்டியில் ஊற்றி, துணி அதில் முங்கி ரோலரில் பிழிந்து போகிற வரை அது காற்றில் ஏற வழி குறைவு. ஸ்ப்ரே துப்பாக்கியில் அடித்தால் கதை வேறு. சிந்தியதைத் துடைக்காமல் காயவிட்டு மறுநாள் கூட்டினாலும் அப்படியே. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், நானோ சில்வருக்கு 2021-இல் பரிந்துரைத்த வரம்பு ஒரு கன மீட்டர் காற்றில் 0.9 மைக்ரோகிராம். ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு அது. திரவத்தைத் திரவமாகவே வைத்திருங்கள் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

உங்கள் தாளில் இருக்கும் 10 என்ற எண்

நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய, சப்ளையர் கொடுத்த பாதுகாப்புத் தகவல் தாளில் டைட்டானியம் டை ஆக்சைடுக்குக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 10 மில்லிகிராம் வரை இருக்கலாம், தொல்லை தரும் தூசி மட்டுமே என்று இருக்கிறது. அது பெயிண்டில் போடும் சாதாரண வெள்ளை நிறமிக்குப் பல காலமாகப் புழங்கிவந்த எண். நியோஷ் 2011-இல் இதே பொருளை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. சாதாரண நுண்துகளுக்கு 2.4 மில்லிகிராம், நானோ அளவுக்கு 0.3 மில்லிகிராம். அதாவது உங்கள் மூட்டைக்குப் பொருந்தும் எண், தாளில் இருப்பதில் முப்பதில் ஒரு பங்கு. நம் நாட்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் வரம்புப் பட்டியலில் நானோ வடிவத்துக்கென்று தனி எண் கிடையாது, அதனால் சப்ளையர் பழைய தாளையே பெயர் மாற்றி அனுப்பினாலும் கேட்பார் இல்லை. அந்தத் தாளில் ஒன்பதாவது பகுதியைப் பாருங்கள். துகளின் அளவும் தன்மையும் அங்கே இருக்க வேண்டும். உங்கள் தாளில் 'வெள்ளைப் பவுடர், மணமற்றது' என்பதோடு முடிகிறது. மூட்டையில் நானோ என்று விளம்பரம் செய்பவர் தாளில் அளவைச் சொல்ல வேண்டாமா?

எதை வைத்து இந்த வரம்பைக் குறைத்தார்கள் என்றும் தெரிந்துகொள்ளுங்கள், அப்போதுதான் பயம் சரியான அளவில் இருக்கும். நானோ அளவு டைட்டானியம் டை ஆக்சைடை ஏறக்குறைய 10 மில்லிகிராம் செறிவில் இரண்டு வருடம் மூச்சில் கொடுத்த எலிகளுக்கு நுரையீரல் கட்டி வந்தது. பெரிய துகளில் அதே விளைவு வர 250 மில்லிகிராம் தேவைப்பட்டது. இதையெல்லாம் வைத்துத்தான் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இதை '2பி', அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியம் உள்ளவை என்ற வகையில் 2006-இல் வைத்தது. எலியின் நுரையீரல் தூசியால் நிரம்பும்போது மனித நுரையீரலைவிட மோசமாக எதிர்வினை காட்டும் என்பதையும் மறக்கக் கூடாது. இந்தப் பவுடரைத் தயாரிக்கும் ஆலைகளில் பல்லாண்டு வேலை செய்தவர்களை ஆராய்ந்ததில் நுரையீரல் புற்றுநோய் தெளிவாகக் கூடியதாகத் தெரியவில்லை, ஆனால் அவர்களில் பெரும்பாலோர் கையாண்டது பெரிய துகள். எட்டு மாதம் அள்ளியதால் கேன்சர் வந்துவிடும் என்று நீங்கள் தூக்கம் தொலைக்க வேண்டாம். அதே சமயம் இன்னும் எட்டு வருடம் இப்படியே அள்ளலாம் என்று சொல்லவும் எனக்கு மனம் வராது.

உங்கள் அறையைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது 2009-இல் ஐரோப்பிய சுவாச மருத்துவ இதழில் சீன மருத்துவர்கள் வெளியிட்ட அறிக்கை. ஒரு சிறு பட்டறையில் பாலிஅக்ரிலேட் கலவையைத் தெளித்துப் பூசும் வேலை செய்த ஏழு பெண்கள், சில மாதங்களிலேயே மூச்சுத்திணறலும் நுரையீரலைச் சுற்றி நீரும் கோர்த்து வந்தார்கள். இரண்டு பேர் இறந்துபோனார்கள். அவர்கள் நுரையீரலில் நானோ துகள்கள் இருந்தன. ஆனால் நானோதான் காரணம் என்று அறிவியல் உலகம் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை, ஏனென்றால் அந்த அறைக்கும் ஒரே கதவு, ஜன்னல் இல்லை, காற்றை வெளியே இழுக்கும் கருவி மாதக்கணக்கில் பழுது, கூடவே வேறு கெமிக்கல் புகையும் இருந்தது. எது கொன்றது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, ஆனால் அந்த அறை சரியாக இருந்திருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம் என்பது என் எண்ணம். ஏசி என்பது இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர வைப்பது, அது தூசியை வெளியேற்றாது.

வீடியோவில் பாதி

தோல் விஷயத்தில் அந்த வீடியோ தப்பு. சன் ஸ்கிரீன் கிரீம்களில் நானோ டைட்டானியமும் நானோ துத்தநாக ஆக்சைடும் போடுவதால் இதைப் பலமுறை ஆராய்ந்திருக்கிறார்கள். நல்ல தோலின் மேலடுக்கிலேயே அது தங்கிவிடுகிறது. வெட்டுக்காயம், சேற்றுப்புண், வெடிப்பு இருந்தால் மட்டும் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். மூளைக்குப் போகும் என்பது முழுப் பொய்யும் இல்லை. எலிகள் முகர்ந்த மிக நுண்ணிய துகள் மூக்கின் வாசனை நரம்பு வழியாக மூளையின் முன்பகுதியை எட்டியதை 2004-லேயே காட்டியிருக்கிறார்கள், ஆனால் அதனால் மனிதருக்கு இன்ன நோய் என்று யாரும் நிறுவவில்லை.

மாஸ்க் தடுக்காது என்பதுதான் இருப்பதிலேயே கெடுதலான பொய், ஏனென்றால் அதைக் கேட்டுவிட்டு ஆட்கள் மாஸ்க்கையே கழற்றிவிடுகிறார்கள். மிகச் சிறிய துகள் காற்றில் நேர்க்கோட்டில் போகாமல் தாறுமாறாக அலைபாய்ந்துகொண்டே இருக்கும். அந்த அலைச்சலிலேயே ஃபில்டர் இழையில் மோதி ஒட்டிக்கொள்ளும். முறையாகத் தயாரித்த என்95 மாஸ்க் நானோ துகளையும் நன்றாகவே பிடிக்கும். பிரச்சினை ஓரத்தில்தான்: மூக்கின் பக்கமும் கன்னத்திலும் இடைவெளி விட்டால் எந்த ஃபில்டரும் வீண். உங்கள் துணி மாஸ்க் பஞ்சைத் தடுக்கும், இந்தப் பவுடரைத் தடுக்காது. அதை இன்றைக்கே மாற்றுங்கள்.

அந்த இருமல்

ஞாயிறு குறைகிறது என்பதால் வேலைக்கும் இருமலுக்கும் தொடர்பு இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் நானோதான் காரணம் என்று நீங்களாக முடிவு கட்டிவிட்டீர்கள், அங்கேதான் எனக்குச் சந்தேகம். அதே அறையில் ரியாக்டிவ் சாயப் பவுடர் எடை போடுகிறீர்கள் என்று கடிதத்தின் நடுவில் ஒரு வரி போகிற போக்கில் வருகிறது. ரியாக்டிவ் சாயம் தொழில்சார் ஆஸ்துமாவுக்கு நன்கு தெரிந்த காரணம். சுருக்கம் விழாமலிருக்கப் போடும் ரெசினில் ஃபார்மால்டிஹைடு இருக்கும், அசிட்டிக் ஆசிட் ஆவியும் தொண்டையை அரிக்கும், பஞ்சுத் தூசியும் உண்டு. திங்கட்கிழமை நெஞ்சு இறுக்கம் அதிகமாகி வாரத்தின் போக்கில் தணிந்தால் பஞ்சை நினைக்க வேண்டும், திங்களிலிருந்து சனி வரை கூடிக்கொண்டே போனால் ஆஸ்துமாவை. எது என்று கவனித்துக் குறித்து வையுங்கள்.

ரத்தப் பரிசோதனை கேட்டீர்கள். நானோ உடம்பில் இருக்கிறதா என்று சொல்லும் ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. வெள்ளியின் அளவை ரத்தத்திலோ சிறுநீரிலோ அளக்கலாம், ஆனால் வரும் எண்ணை வைத்து உங்களுக்கு நோய் உண்டா இல்லையா என்று சொல்ல முடியாது. ஹெவி மெட்டல் பேக்கேஜ், டீடாக்ஸ் என்று யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டால் கொடுக்காதீர்கள். உங்களுக்குத் தேவை மூன்றுதான்: ஸ்பைரோமெட்ரி என்ற நுரையீரல் திறன் பரிசோதனை, ஒரு நெஞ்சு எக்ஸ்ரே, அப்புறம் பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சின்னக் குழாய். அந்தக் குழாயில் ஒரு நாளைக்கு நான்கு முறை ஊதி, வேலை நாள் விடுமுறை நாள் இரண்டிலும் சேர்த்து நான்கு வாரம் நோட்டில் எழுதுங்கள். வேலை நாளில் இறங்கி லீவு நாளில் ஏறினால் எந்த ஸ்கேனையும்விட அது பெரிய சாட்சி. உங்களுக்கு ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்; மருந்தகத்தில் காட்டி மேல் மருத்துவமனைக்குச் சீட்டு வாங்குங்கள். போகும்போது என்ன வேலை, என்ன கெமிக்கல் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். இருமல் என்று மட்டும் சொன்னால் சிரப்தான் கிடைக்கும்.

குழந்தை விஷயத்தில் நான் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். கர்ப்பமான விலங்குகளுக்கு நானோ டைட்டானியமும் நானோ சில்வரும் கொடுத்த சில ஆய்வுகளில் குட்டிகளிடம் மாற்றம் தெரிந்திருக்கிறது, மனிதர்களிடம் அப்படி நிரூபணம் இல்லை. இந்த நிலையில் மாற வேண்டியது வேலை செய்யும் இடம்தான், குழந்தைத் திட்டத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. முயற்சி தொடங்கும் முன்பே லேபிலோ செக்கிங்கிலோ இடம் கேளுங்கள், ஏனென்றால் கர்ப்பம் என்று தெரியும்போதே கருவின் உறுப்புகள் உருவாகத் தொடங்கியிருக்கும். கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்த முடியாது, ஈ.எஸ்.ஐ.யில் தகுதி உள்ளவர்களுக்கு 26 வாரம் பிரசவ உதவித்தொகை உண்டு. இப்போது ராஜினாமா செய்தால் அதுவும் கையைவிட்டுப் போகலாம்.

மேனேஜரிடம் எப்படிப் பேசுவது

அவர் சொல்லும் சர்டிபிகேட் பொய்யாக இருக்காது. ஆனால் ஓகோ டெக்ஸ் போன்ற துணிச் சான்றிதழ்கள், துணியை உடுத்துகிறவருக்குக் கேடு வருமா என்று துணியைச் சோதித்துத் தருபவை. கெமிக்கல் ரூமின் காற்றை அது அளப்பதில்லை. அதோடு, உங்கள் கம்பெனி ஜிஓடிஎஸ் (ஆர்கானிக் துணிக்கான சர்வதேசத் தரநிலை) ஆர்டரும் செய்கிறது என்றால் அவருக்கு ஒரு விஷயத்தை நினைவூட்டுங்கள்: அந்தத் தரநிலை, துணிக்கு ஒரு தனித்தன்மை தரப் போடும் நானோ துகள்களைத் தடை செய்கிறது. ஐரோப்பாவுக்குக் கிருமி எதிர்ப்புத் துணி போனால், அதில் நானோ வடிவில் கிருமிக்கொல்லி இருப்பதை லேபிளில் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் 2012-இல் கொண்டுவந்த சட்டம். ஆர்டர் கைவிட்டுப் போகும் என்று புரிந்தால் எந்த நிர்வாகமும் காது கொடுக்கும். நல்லது நடக்க அந்த வழியும் இருக்கட்டும்.

கேட்க வேண்டியதை இந்த வரிசையில் கேளுங்கள். முதலாவது, பவுடருக்குப் பதில் தண்ணீரில் முன்பே கலந்து வரும் பேஸ்ட் அல்லது திரவம். இதே பொருள் அப்படியும் கிடைக்கிறது, விலை கொஞ்சம் கூடும், ஆனால் மூட்டை பிரிக்கும் வேலையே இல்லாமல் போகும். அது உடனே முடியாது என்றால், தராசுக்கு மேலேயே காற்றை உறிஞ்சி ஃபில்டர் வழியாக வெளியே தள்ளும் ஹூட். விளக்குமாற்றையும் ஏர் கன்னையும் அந்த அறையிலிருந்து எடுத்துவிட்டு ஈரத் துணியால் துடைப்பதற்கு ஒரு ரூபாய் செலவில்லை, இதை நாளைக்கே செய்யலாம். ஏர் அடிப்பது திருப்பூர் முழுக்க ஊறிப்போன பழக்கம், படிந்து அடங்கிய தூசியை மறுபடி மூக்கு உயரத்துக்கு எழுப்பிவிடும் வேலை அது, பவுடர் உள்ள அறையில் அதற்கு இடமே கிடையாது. மாஸ்க் இவை எல்லாவற்றுக்கும் அப்புறம்தான், ஆனால் ஹூட் வரும்வரை உங்களுக்கு அதுதான் காவல். வேலை உடுப்பைக் கம்பெனியிலேயே கழற்றி வையுங்கள்.

சரியான தகவல் தாளைக் கேட்பது உங்கள் உரிமை. 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் 111-ஏ பிரிவு தொழிலாளிக்குத் தன் உடல்நலம் பற்றிய தகவலைப் பெறும் உரிமையைக் கொடுத்தது, 2020-இன் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. எழுத்தில் கேளுங்கள், ஒரு நகலை வீட்டில் வையுங்கள், முடிந்தால் கூட வேலை செய்யும் இன்னும் இரண்டு பேர் கையெழுத்தோடு. பதிலே வரவில்லை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். ஆனால் புகார் கொடுத்தால் கம்பெனியில் உறவு கசக்கலாம், சின்ன யூனிட்டில் யார் கொடுத்தார்கள் என்பது தெரியாமல் போகாது. அதனால்தான் பேச்சு, கடிதம், புகார் என்ற வரிசையைச் சொல்கிறேன்.

அப்பாவின் தோப்பு

கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் 'ஜீரோ டிஸ்சார்ஜ்' முறை, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் இறுகியது. பொது சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஒழுங்காகப் போகும் கழிவுநீரில் உள்ள நானோ துகளில் பெரும்பங்கு கசடில் இறங்கிவிடும். மிச்சத்தை ஆர்ஓ சவ்வு நிறுத்தும். சாக்கடை நீர் சுத்திகரிப்பை ஆராய்ந்தவர்கள், நானோ சில்வர் அங்கே கந்தகத்தோடு சேர்ந்து எளிதில் கரையாத சில்வர் சல்பைடாக மாறுவதையும் கண்டிருக்கிறார்கள், அதன் நச்சு குறைவு. ஆகவே அப்பாவிடம் நீங்கள் சொல்ல வேண்டியது கசடைப் பற்றி: எரு என்று யார் இலவசமாகக் கொட்டித் தந்தாலும் தோப்புக்குள் விட வேண்டாம். சுத்திகரிக்காமல் ஓடையில் திறந்துவிடும் தண்ணீரில் இந்த மாற்றம் எதுவும் நடந்திருக்காது, வெள்ளி அயனி பாசிக்கும் மீன்குஞ்சுக்கும் மிகச் சிறிய அளவிலேயே கெடுதல்.

வாங்குகிறவர் வீட்டில் துவைக்கும் தண்ணீரையும் எழுதியிருந்தீர்கள். 2008-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் நானோ சில்வர் காலுறைகளைச் சோதித்தபோது சிலவற்றில் நான்கு துவைப்பிலேயே வெள்ளி கிட்டத்தட்ட முழுவதும் போய்விட்டது, சிலவற்றில் ஒரு சதவீதம்கூடப் போகவில்லை. துணியோடு எவ்வளவு உறுதியாகப் பிணைத்திருக்கிறோம் என்பதுதான் வித்தியாசம், அது உங்கள் யூனிட்டின் கையில் இருக்கிறது. அப்பாவின் தென்னைக்கு இன்றைக்கு வெள்ளியைவிட உப்புதான் பெரிய எதிரி. சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையைச் சுற்றியிருந்த விவசாயிகளுக்கு நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் கிணற்று நீரையும் மண்ணையும் கொடுத்து உப்பின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வேலையை விடுவதா என்ற கேள்விக்கு வருகிறேன். இப்போது விட வேண்டாம். இந்த வாரமே மாஸ்க்கும் ஈரத்துணியும், இந்த மாதம் ஸ்பைரோமெட்ரியும் கடிதமும், குழந்தைக்கு முயற்சி தொடங்கும் முன் இடமாற்றம். இரண்டு மாதம் பொறுத்தும் அறையில் எதுவும் மாறவில்லை, வேறு பிரிவும் தரவில்லை என்றால் அப்போது வேறு கம்பெனி பாருங்கள்; டிப்ளமோவும் கெமிக்கல் ரூம் அனுபவமும் உள்ளவருக்குத் திருப்பூரில் வேலை கிடைக்காமல் போகாது. ஆனால் மாடி ஏறும்போது மூச்சு வாங்குவது, இரவில் வீசிங், சளியில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, இதில் எது வந்தாலும் இந்தக் கால அட்டவணையை எல்லாம் விட்டுவிட்டு அன்றைக்கே நெஞ்சு மருத்துவரைப் பாருங்கள், அந்த அறைக்குத் திரும்பிப் போகாதீர்கள். நான்கு வாரம் பீக் ஃப்ளோ எழுதிய நோட்டின் போட்டோவை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.